பழுதாகுமுன் பார்ப்பதும் ஊழியமே

(ஆதரவாளர் ஸ்தோத்திரக் கூடுகையில் ஆஸ்பத்திரி சாப்ளின் ஆற்றிய உரை)



சாப்ளின் பேச எழுந்தால் சுகமடைந்த நோயாளிகளின் சாட்சிகளைச் சொல்லுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது வழக்கம். அந்தச் சாட்சிகளை டாக்டர்களும் சிஸ்டர்களும் சற்று முன்பு சொல்லக் கேட்டோம். நாங்கள் இன்று இயந்திரங்களைப் பற்றிப் பேசப் போகிறோம். குருவானவருக்கு இயந்திரத்தோடு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நோயாளியின் கட்டிலருகே நின்று ஜெபிக்கிறவர்களுக்கு, அந்தக் கட்டிலின் மறுபக்கத்தில் என்ன நிற்கிறது என்பதும் தெரியும். ஆக்சிஜன் கொடுக்கிற இயந்திரம், சளியை உறிஞ்சுகிற இயந்திரம், இதயத் துடிப்பைக் காட்டுகிற இயந்திரம். இவற்றில் பல இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற உங்களால் வந்தவை. அவற்றைப் பிரதிஷ்டை செய்து ஜெபித்தவர்களும் நாங்களே. ஆகவே அவற்றின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி உங்களிடம் பேசுவது எங்கள் கடமையாகிறது.

நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். ஓர் இயந்திரம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிற நாளோடு காணிக்கை நிறைவேறி விடுவதில்லை. அது ஒழுங்காக வேலை செய்கிற கடைசி நாள் வரைக்கும் அதைக் கவனித்துக்கொள்ளுவதும் அந்தக் காணிக்கையின் பங்குதான்.

நம் கிராமங்களில் மழைக்காலம் தொடங்குமுன் பெரியவர்கள் குளத்தைச் சுற்றி வருவதுண்டு. கரையில் எலி வளை பறித்திருக்கிறதா, மடைப் பலகை உளுத்துப் போயிருக்கிறதா, கலிங்கில் விரிசல் விட்டிருக்கிறதா, வரத்துக்காலைச் சீமைக்கருவேல் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து சேருவார்கள். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசும் இதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கரை உடைந்த பிறகு மண்ணைக் கொட்டினால் கரை திரும்பி வரும், அந்த வருஷத்துப் பயிர் திரும்பி வராது. இதை நம் முன்னோர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை, ஆனாலும் அறிந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரி இயந்திரங்களுக்கும் இதே விதிதான். இயந்திரம் நின்று போன பிறகு மெக்கானிக்கைத் தேடி ஓடுவது ஒரு முறை. அது நிற்குமுன்பே, குறித்த நாளில் குறித்த பாகங்களைப் பார்த்து, சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, அளந்து, எழுதி வைப்பது இன்னொரு முறை. முதல் முறையில் செலவு குறைவு போலத் தோன்றும். ஆனால் இயந்திரம் நிற்கிற நேரத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அது நோயாளி அதன்மேல் சார்ந்திருக்கிற நேரமாகவும் இருக்கக்கூடும்.

சத்தமில்லாமல் கெடுகிறவை

மின்விசிறி நின்று போனால் வார்டில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட பழுது தன்னைத் தானே அறிவித்து விடுகிறது. வேலை செய்வது போலவே தோற்றம் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் கெட்டுப் போகிற இயந்திரங்களைப் பற்றித்தான் ஆஸ்பத்திரியில் அதிகப் பயம். மூன்று உதாரணங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது, ஆட்டோகிளேவ். ஆபரேஷன் கருவிகளையும் துணிகளையும் நீராவியால் கிருமி நீக்குகிற பெட்டி இது. வீட்டிலுள்ள பிரஷர் குக்கரைப் பெரிதாக்கினது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் 121 டிகிரி செல்சியஸை எட்டும். அந்த வெப்பம் உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளையும் குறைந்தது 15 நிமிடமாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் கிருமிகளும் அவற்றின் வித்துகளும் அழியும். பெட்டிக்குள் காற்று தங்கி விட்டால் அழுத்தமானியின் முள் 15-ஐக் காட்டிக்கொண்டிருக்கும். காற்று அடைபட்ட மூலையிலோ அந்த வெப்பம் இருக்காது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைக் கேஸ்கெட் என்பார்கள். அது தேய்ந்தால் நீராவி கசியும். போர்வெல் தண்ணீரிலுள்ள உப்பு, சூடேற்றும் கம்பியின்மேல் படிந்து படிந்து கடைசியில் கம்பியையே எரித்து விடும்.

ஆகவே தியேட்டர் சிஸ்டர் ஒவ்வொரு மூட்டையிலும் நிறம் மாறுகிற ஒரு நாடாவை ஒட்டுகிறார். அந்த நாடா கறுத்தால் மூட்டை சூட்டைக் கண்டது என்று மட்டும் அர்த்தம். முழு நிச்சயம் வேண்டுமானால், உயிருள்ள கிருமி வித்துகள் அடங்கிய சோதனைக் குப்பியை உள்ளே வைத்து எடுத்து, வித்துகள் செத்தனவா என்று லேபில் பார்க்க வேண்டும். இந்தக் குப்பிகளுக்கும், மாற்று கேஸ்கெட்டுக்கும், மென்னீருக்கும் பணம் வேண்டும். ஆனால் இவற்றின்மேல் ஒட்டுவதற்கு ஒரு பெயர்ப்பலகையும் இல்லை.

இரண்டாவது, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாம் அலை அடித்தபோது இந்தப் பெயரை நாம் எல்லாரும் கற்றுக்கொண்டோம். அந்த நாட்களில் உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அன்புள்ளவர்கள் பல ஆஸ்பத்திரிகளுக்கு இவற்றை அனுப்பினார்கள். நாம் சுவாசிக்கிற காற்றில் சுமார் 21 விழுக்காடுதான் ஆக்சிஜன். மிச்சத்தில் பெரும்பகுதி நைட்ரஜன். இந்த இயந்திரம் அறைக் காற்றை உறிஞ்சி, சியோலைட் என்ற சிறு மணிகளின் வழியாக அழுத்திச் செலுத்துகிறது. மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். வெளியே வருவது 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆக்சிஜன்.

ஆனால் அந்த மணிகளுக்கு ஈரம் ஆகாது. காற்று நுழைகிற இடத்திலுள்ள வடிகட்டியில் தூசி அடைத்தால் இயந்திரம் மூச்சுத் திணறிச் சூடாகும். மணிகள் கெட்டுப் போனாலும் இயந்திரம் ஓடுகிற சத்தம் வரும். பாட்டிலில் குமிழி வரும். அளவுக் குழாயில் சிறு பந்து மிதக்கும். நோயாளியின் பிள்ளைகள் அந்தக் குமிழியைப் பார்த்து ஆறுதல் அடைவார்கள். குழாயில் வருகிறதோ ஏறக்குறைய சாதாரணக் காற்றாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஆக்சிஜன் அளவைப் பார்க்கிற ஒரு சிறு கருவி வேண்டும். அதை எடுத்து அளந்து பார்க்கிற ஓர் ஆளும் வேண்டும். வடிகட்டியை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுவதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. மறவாமல் செய்கிற கை ஒன்று இருந்தால் போதும். உபயோகமில்லாமல் மூலையில் நிற்கிற கான்சென்ட்ரேட்டரையும் அவ்வப்போது ஓட்டி அளந்து பார்க்க வேண்டும். உறை போட்டு மூடி வைத்ததால் அது பத்திரமாக இருக்கிறது என்று எண்ணக் கூடாது.

மூன்றாவது, மஞ்சள் காமாலை கண்ட பச்சைக் குழந்தைகளை வைக்கிற நீல விளக்கு. அந்த நீல ஒளி குழந்தையின் தோலில் விழுந்து, மஞ்சள் நிறப் பொருளை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. குழல் விளக்குகள் பழசாகப் பழசாக அந்த வேலையைச் செய்கிற ஒளியின் வலிமை குறையும். கண்ணுக்கோ விளக்கு பளிச்சென்று நீலமாகவே தெரியும். தாய் அதைப் பார்த்துக் குழந்தைக்குச் சிகிச்சை நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பாள். ஒளியின் வலிமையை அளக்கிற மீட்டரால் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதனால் விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று குறித்து வைத்து, மணிக்கணக்கு முடிந்தவுடன் எரிகிற விளக்கையே கழற்றி மாற்றுகிறோம். எரிகிற விளக்கை ஏன் கழற்றுகிறீர்கள் என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். முன்கூட்டிப் பராமரிப்பது என்றால் என்ன என்று விளங்கச் செய்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

பிரியமானவர்களே, 2021-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி அதிகாலையில், மகாராஷ்டிராவிலுள்ள பண்டாரா மாவட்ட ஆஸ்பத்திரியின் பச்சைக் குழந்தைகள் பிரிவில் தீப்பற்றி 10 சிசுக்கள் மாண்டன. மின்கோளாறு காரணம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. யாரையும் குற்றப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வயரும், ஒவ்வொரு பிளக்கும், ஒவ்வொரு சுவிட்சும் யாரோ ஒருவருடைய கண் பார்வையில் இருக்க வேண்டியது ஏன் என்பதை நாம் இலேசாக எண்ணாமல் இருக்கும்படிக்கே சொல்லுகிறோம்.

நாடு முழுவதிலும் உள்ள நிலை

இது நம் ஒரு ஆஸ்பத்திரியின் கவலை அல்ல. இந்திய அரசு 2015-ஆம் ஆண்டில் மருத்துவ உபகரணப் பராமரிப்புக்கென்று ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக 29 மாநிலங்களில் 29,115 அரசு மருத்துவ நிலையங்களில் இருந்த உபகரணங்களைக் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 7,56,750 உபகரணங்கள். அவற்றின் மதிப்பு சுமார் 4,564 கோடி ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டு, 13 முதல் 34 விழுக்காடு வரை உபகரணங்கள் வேலை செய்யாமல் இருந்தன. அதாவது சில மாநிலங்களில் மூன்றில் ஒன்று ஓடவில்லை. ஆகவே மாவட்ட ஆஸ்பத்திரிகளில் உபகரணங்கள் 95 விழுக்காடு நேரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தில் இலக்கு வைத்தார்கள்.

மற்ற ஏழை நாடுகளிலும் இதே கதைதான். 2011-இல் பெரியும் மால்கினும் வெளியிட்ட ஆய்வில், 16 நாடுகளில் ஒரு லட்சத்து 12 ஆயிரத்துக்கு மேற்பட்ட உபகரணங்களின் பட்டியலைப் பார்த்து, ஏறத்தாழ 38 விழுக்காடு உபயோகத்தில் இல்லை என்று கண்டார்கள். பயிற்சி இல்லாமை, நிர்வாக ஏற்பாடு இல்லாமை, மின்சாரம் போன்ற அடிப்படை வசதி இல்லாமை ஆகியவற்றையே முக்கிய காரணங்களாகச் சொன்னார்கள்.

இதிலே நமக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. அதே மால்கினும் மற்றொருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த 2,849 பழுதுபார்ப்புக் கோரிக்கைகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 66 விழுக்காட்டை, 107 அடிப்படைத் திறமைகளைக் கற்ற ஒரு ஆளே சரி செய்து விடலாம் என்று கண்டார்கள். வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் எதுவும் தருவிக்க வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு பங்கு பழுதுக்கு வேண்டியது, கருத்துள்ள ஒரு வாலிபனும் அவன் கையில் ஒரு கருவிப் பெட்டியும்தான். இதைக் கேட்டபோது எங்கள் மனதில் இருந்த பாரம் பாதி இறங்கியது என்றே சொல்ல வேண்டும்.

யார் யார் என்ன செய்கிறார்கள்

ஆஸ்பத்திரியில் இந்த வேலை மூன்று படிகளாக நடக்கிறது.

முதல் படி, இயந்திரத்தைக் கையாளுகிற சிஸ்டரும் உதவியாளரும். தினமும் காலையில் டியூட்டி மாறும்போது, அவசரத் தள்ளுவண்டியிலுள்ள லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா, உறிஞ்சும் இயந்திரம் இழுக்கிறதா, டிஃபிபிரிலேட்டரின் பாட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். இதற்குச் சில நிமிடங்கள் போதும்.

இரண்டாம் படி, எங்கள் டெக்னீஷியன் தம்பி. ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு எண்ணும் ஓர் அட்டையும் தொங்குகிறது. எப்போது பார்த்தது, என்ன மாற்றியது, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நம் பகுதிக்கென்று தனிச் சோதனைகளும் உண்டு. வோல்டேஜ் ஏறி இறங்குவதால் ஸ்டெபிலைசரைப் பார்க்க வேண்டும். கோடையில் தரை காய்ந்து போவதால் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சூடான இடத்தைத் தேடிப் பல்லியும் எறும்பும் பெட்டிக்குள் புகுந்து சர்க்யூட் பலகையைக் கெடுத்து விடுவதால் துவாரங்களை வலையால் மூட வேண்டும். வெளிநாட்டில் அச்சான எந்தக் கையேட்டிலும் பல்லிக்கு ஓர் அத்தியாயம் இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

மூன்றாம் படி, தயாரித்த நிறுவனத்தின் என்ஜினீயர் வருடத்தில் குறித்த முறை வந்து, உள்ளே திறந்து பார்த்து, காட்டுகிற அளவு சரியான அளவா என்று ஒத்துப் பார்ப்பது. இதற்கு வருடாந்தர ஒப்பந்தம் உண்டு. வேலைக்கூலி மட்டும் அடங்கிய ஒப்பந்தம் ஒன்று, உதிரிபாகமும் சேர்ந்த ஒப்பந்தம் ஒன்று. இரண்டாவதற்குக் கட்டணம் அதிகம்.

இவர்கள் எல்லாரும் நன்றாக வேலை செய்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. அதுதான் இந்த ஊழியத்தின் சிரமம். மழைக்கால இரவொன்றில் சிசேரியன் ஆபரேஷன் பாதியில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. சில விநாடிகளில் ஜெனரேட்டர் கிளம்பியது. டாக்டர் கையை எடுக்கவில்லை, தாயும் சேயும் சுகம். தியேட்டர் வாசலில் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணின் தாயாருக்கு விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தது மட்டும் தெரியும். ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கு அடிக்கடி காரணமாய் இருப்பது அதன் பாட்டரி. அந்த வாரத்தில்தான் எங்கள் டெக்னீஷியன் பாட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தண்ணீர் அளவைப் பார்த்து, அரைமணி நேரம் முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்திருந்தார். அவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் உங்களிடம் சொல்ல ஒரு சோகக் கதை இருந்திருக்கும். செய்ததினால் கதை இல்லை. நம்முடைய செய்தி மடலில் நடந்தவற்றை அச்சிடுகிறோம். நடக்காமல் தடுக்கப்பட்டவற்றை அச்சிட இடமில்லை. அந்தக் குறையை இன்று ஓரளவு நிவர்த்தி செய்கிறோம்.

பணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்

ஓர் உபகரணத்தின் விலையில் ஆண்டுதோறும் 5 முதல் 10 விழுக்காடு பராமரிப்புக்கு வேண்டும் என்பது இந்தத் துறையில் உள்ளவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளுகிற கணக்கு. ஒரு சபை 5 லட்சம் ரூபாயில் ஓர் இயந்திரம் வாங்கித் தந்தால், வருஷத்துக்கு 25 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அதற்குச் செலவுண்டு. பத்து வருஷத்தில் அது இரண்டரை லட்சத்திலிருந்து 5 லட்சமாகும். கொடுத்தவர்கள் கண்ணுக்கு இயந்திரத்தின் விலை மட்டும் தெரியும். மிச்சத்தை நோயாளியின் பில்லில் ஏற்றலாம். அப்படிச் செய்தால் ஏழைகளுக்கென்று நீங்கள் கொடுத்த இயந்திரத்துக்கு ஏழைகளே வாடகை கொடுக்கிறதாக ஆகிவிடும்.

நம் ஆதரவாளர்களில் மூத்தவர் ஒருவர் உரிமையோடு எங்களிடம் கேட்டார். "ஐயா, புதுசா ஒரு மெஷின் வாங்கித் தாரோம்னா இப்போ வேண்டாங்கிறீங்க. பழசுக்கு வாஷர் வாங்கக் காசு கேக்கிறீங்க. சபையில இதை நான் எப்படிச் சொல்லுவேன்?"

நியாயமான கேள்வி. சபையார் முன்பாக ஒரு புதிய இயந்திரத்தின் படத்தைக் காட்டலாம். கேஸ்கெட்டின் படத்தைக் காட்டிக் காணிக்கை எடுப்பது கடினம். ஆனாலும் அந்த ஐயாவுக்கு நாங்கள் வேதத்திலிருந்தே பதில் சொன்னோம். யூதாவின் ராஜாவாகிய யோவாசின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வந்துகொண்டிருந்தது, ஆனால் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரைக்கும் பழுது பார்க்கப்படவில்லை. அப்பொழுது ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் ஒரு துவாரம் போட்டு, பலிபீடத்தண்டையில் வைத்தான். அதில் விழுந்த பணத்தை எண்ணித் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும், மரத்துக்கும் கல்லுக்கும் கொடுத்தார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பணத்தில் வெள்ளிக் கிண்ணங்களோ எக்காளங்களோ பண்ணவில்லை என்று இராஜாக்களின் இரண்டாம் புஸ்தகம் குறிப்பாகச் சொல்லுகிறது. பளபளப்பானவை பிறகு, விரிசலை அடைப்பது முதலில். பராமரிப்புக்கென்று தனி உண்டியல் வைத்த முதல் நிர்வாகி யோய்தா என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. ஆனால் அதில் ஆழ்ந்த ஞானம் இருக்கிறது. புதியதற்கும் பழையதற்கும் ஒரே பை இருந்தால் பழையதின் பங்கைப் புதியது தின்றுவிடும். ஆகவே பை வேறாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி நிர்வாகக் குழு செய்திருக்கிற தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, பராமரிப்புக்கென்று தனி நிதி தொடங்கப்படுகிறது. அதிலிருந்து வேறு எந்தச் செலவுக்கும் எடுக்கப்பட மாட்டாது.

இரண்டாவது, இனி எந்த உபகரணத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டாலும் நான்கு கேள்விகளுக்குப் பதில் பெற்றே ஏற்றுக்கொள்ளுவோம். இது நம் நோயாளிகளுக்குத் தேவையா? இதன் உதிரிபாகமும், பழுதுபார்க்கிற ஆளும் நம் மாநிலத்தில் கிடைப்பார்களா? கையேடு கூடவே வருகிறதா? முதல் ஐந்து வருஷப் பராமரிப்புக்கு வழி என்ன? அன்பினால் வெளிநாட்டிலிருந்து அனுப்பப்படுகிற இயந்திரம் 110 வோல்ட்டில் ஓடுவதாயிருக்கும், நம்முடைய மின்சாரமோ 230 வோல்ட். அதற்குரிய குழாயும் வடிகட்டியும் இங்கே கிடைக்காது. கொடுத்தவரின் அன்பு மெய்யானது. ஆனால் இயந்திரம் பின்பக்க அறையில் நிற்பதால் யாருக்குப் பிரயோஜனம்? வேண்டாம் என்று நாங்கள் மரியாதையாகச் சொன்னால், நன்றியில்லாமை என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

மூன்றாவது, இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஆஸ்பத்திரிக்கு வருகிற பங்கு முழுவதும் இந்தப் புதிய நிதிக்கே செல்லும். இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்க விரும்பவில்லை. சி.டி. ஸ்கேன் இயந்திரம் வாங்க வேண்டும் என்று நம்மில் பலர் ஜெபித்து வருகிறோம். அந்தத் தேவை உண்மையானது. தலையில் அடிபட்டு வருகிறவர்களை இன்னும் ஒரு வருஷம் பட்டணத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்று ஆம்புலன்ஸில் கூடப் போகிறவர்களுக்குத் தெரியும். குழுவில் இதைப் பற்றி நீண்ட நேரம் பேசினார்கள், எளிதாக முடிவெடுக்கவில்லை. ஆனால் ஆட்டோகிளேவும் ஆக்சிஜனும் ஜெனரேட்டரும் இல்லாவிட்டால் ஸ்கேனில் கண்டுபிடித்த நோய்க்கு இங்கே ஆபரேஷன் செய்ய முடியாது. இருக்கிறதைக் காக்க வழி செய்து முடித்த பிறகு ஸ்கேன் வாங்கினால், அந்த ஸ்கேனும் நெடுநாள் ஓடும். இந்தக் காரியத்தில் மாற்றுக் கருத்துள்ளவர்கள் எங்களோடு தாராளமாகப் பேசலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்

ஒரு சபையோ, பெண்கள் ஐக்கிய சங்கமோ, வாலிபர் சங்கமோ ஒரு இயந்திரத்தின் வருடப் பராமரிப்பை ஏற்றுக்கொள்ளலாம். தனிப்பட்டவர்கள் ஒரு கேஸ்கெட், ஒரு பாட்டரி, கான்சென்ட்ரேட்டருக்கு ஒரு ஜோடி வடிகட்டி என்று கொடுக்கலாம். டெக்னீஷியனின் ஒரு மாதச் சம்பளத்தில் பங்கெடுக்கலாம். எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்து ஓய்வு பெற்றவர்கள் நம் சபைகளில் அநேகர் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து எர்த் இணைப்புகளையும் வயர்களையும் பார்த்துத் தந்தால், அதை ஆயிரக்கணக்கான ரூபாய்க்குச் சமமான காணிக்கையாக ஏற்றுக்கொள்ளுவோம். இந்தத் துறையில் படிக்க வேண்டும் என்று உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். டாக்டராகவோ நர்ஸாகவோ வந்தால்தான் ஆஸ்பத்திரி ஊழியம் என்பதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், சென்னை ஐ.ஐ.டி.யும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையமும் சேர்ந்து மருத்துவமனைப் பொறியியலில் உயர் படிப்பு நடத்துகின்றன. டிப்ளமோ படித்தவர்களுக்கும் இந்த வேலையில் இடமுண்டு.

பெயர்ப்பலகைக்குப் பதிலாக எங்களால் தரக்கூடியது ஒரு கடிதம். நீங்கள் ஏற்றுக்கொண்ட இயந்திரம் அந்த வருஷத்தில் எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் நின்றது, ஏன் நின்றது, எவ்வளவு செலவானது என்று வருஷ முடிவில் எழுதி அனுப்புவோம். யோவாசின் நாட்களில் வேலை செய்வித்தவர்கள் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று வேதத்தில் வாசிக்கிறோம். நீங்கள் எங்களிடம் தவறாமல் கேளுங்கள். கணக்குக் கேட்கிற ஆதரவாளர் இருக்கிற இடத்தில் உக்கிராணத்துவமும் செழிக்கும்.

உங்கள் ஜெபங்களில் தியேட்டர் சிஸ்டரையும், டெக்னீஷியன் தம்பியையும், ஜெனரேட்டர் அறையில் இரவில் கண் விழிக்கிற காவல்காரரையும் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய வேலை நன்றாய் நடக்கும்போது ஒருவரும் அவர்களை நினைப்பதில்லை. ஆகையால் நாம் நினைக்க வேண்டும்.

வெளியே வாசலருகில் மேஜையின்மேல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு இயந்திரத்தின் பெயரும், இந்த வருஷம் அதற்கு மாற்ற வேண்டிய பாகமும், அதன் விலையும் அதில் எழுதியிருக்கிறது. முதல் வரியில் ஆட்டோகிளேவின் கேஸ்கெட் இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் வாசித்துப் பார்த்து, உங்களால் இயன்ற ஒரு வரிக்கு நேரே உங்கள் சபையின் பெயரை எழுதிவிட்டுச் செல்லுங்கள்.